இல்லினாயின் வழக்கறிஞர் லிங்கன்: 1861-க்கு முந்திய ஆண்டுகளைப் பற்றி ஓர் ஐயம்

பழஞ்சுவடி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

ஆபிரகாம் லிங்கன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது குடியரசுத் தலைவராக அவர் இருந்த கடைசி 4 ஆண்டுகள்தான். ஆனால் அதற்கு முன் ஏறத்தாழ 25 ஆண்டுகள் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞராகவும், அவற்றில் சில ஆண்டுகள் அம்மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க மூன்று ஐயங்கள் தீராமல் நிற்கின்றன.

பள்ளிக்குச் சென்ற நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாத ஒருவர், எந்தக் கல்லூரியிலும் சேராமல், எந்த மூத்த வழக்கறிஞரிடமும் பயிலாமல், வழக்காடும் உரிமத்தை எப்படிப் பெற்றார்? அக்காலத்து எல்லைப்புற மாநிலங்களில் இதற்கு என்ன நடைமுறை இருந்தது? அடுத்தது, சட்டமன்றத்தில் அவர் சாதித்தது என்ன? பல வரலாறுகள் அந்த 8 ஆண்டுகளை இரண்டு பத்திகளில் கடந்துவிடுகின்றன.

மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. 1847-இல் அவர் ஓர் அடிமை உடைமையாளரின் பக்கம் நின்று, ஒரு தாயையும் அவள் பிள்ளைகளையும் மீண்டும் அடிமைத்தனத்துக்கு அனுப்பும்படி வாதாடினார் என்று படித்தேன். இது உண்மையா? உண்மையென்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

ஏட்டுக்கணக்கர்:

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல முயல்கிறேன். மூன்றாவதை அவ்வழக்கை என்னிலும் நன்கு அறிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

1830-களின் இல்லினாயில் வழக்கறிஞராவதற்குக் கல்லூரிப் பட்டம் தேவைப்படவில்லை. நன்னடத்தை உடையவர் என்று ஒரு நீதிமன்றத்தின் சான்றும், மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவர் வழங்கும் உரிமமும் இருந்தால் போதும். லிங்கனுக்கு 1836 மார்ச் 24 அன்று சாங்கமன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) நீதிமன்றம் நன்னடத்தைச் சான்று அளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று உரிமம் கிடைத்தது. 1837 மார்ச் 1 அன்று வழக்கறிஞர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. வழி திறந்திருந்தது என்பதற்காக அது எளிதாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். நியூ சேலம் என்னும் சிற்றூரில் வில்லியம் பெர்ரி என்பவருடன் கூட்டாக நடத்திய கடை நொடித்துப்போய், 1835-இல் பெர்ரியும் இறந்துவிட, ஏறக்குறைய 1,100 டாலர் கடன் லிங்கனின் தலையில் விழுந்தது. 'தேசியக் கடன்' என்று அவரே பெயர் வைத்த அந்தக் கடனை அடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இடையே ஒரு நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் அவருடைய குதிரையும் நில அளவைக் கருவிகளும் ஏலத்துக்கு வந்தன. ஜேம்ஸ் ஷார்ட் என்னும் அயலார் ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து, அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தார். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கடன் வழக்குகளை நடத்தியவர், ஜப்தி என்றால் என்னவென்று முதலில் தன் உடைமையை இழந்தே அறிந்தவர்.

அஞ்சல் அலுவலர், துணை நில அளவையாளர் ஆகிய சிறு வேலைகளுக்கிடையேதான் அவர் சட்டம் படித்தார். 1832-இல் பிளாக் ஹாக் என்ற பூர்வகுடித் தலைவருக்கு எதிரான போரின்போது உடன் பணியாற்றிய ஜான் டாட் ஸ்டூவர்ட் என்ற வழக்கறிஞர் அவருக்கு ஊக்கம் தந்து நூல்களையும் கடன் கொடுத்தார். நியூ சேலத்திலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்று புத்தகம் வாங்கி வருவது, படித்து முடித்துத் திருப்பிக் கொடுப்பது என்பதே அவருக்குக் கல்லூரியாக இருந்தது. இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதிய விளக்கவுரைதான் அடித்தள நூல். 1855-இல் தன்னிடம் சட்டம் பயில விரும்பிய ஐஷம் ரீவிஸ் என்ற இளைஞருக்கு எழுதிய கடிதத்தில், தான் எவரிடமும் பயிலவில்லை என்றும், நூல்களை வாங்கி அவற்றின் முதன்மையான கூறுகள் விளங்கும்வரை படிப்பதே முக்கியம் என்றும், அதைப் பெரிய நகரத்தில் இருந்துதான் செய்ய வேண்டும் என்பதில்லை என்றும் குறிப்பிடுகிறார். 1837 ஏப்ரலில் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு படுக்கைக்கு வேண்டிய 17 டாலர்கூட அவரிடம் இல்லை. கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீடு, மாடியிலிருந்த தன் படுக்கையிலேயே இடம் கொடுத்தார். இருவரும் வாழ்நாள் நண்பர்கள் ஆனார்கள்.

இனிச் சட்டமன்றம். 1832-இல் முதன்முறை போட்டியிட்டு 13 பேரில் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் அவரை நேரில் அறிந்த நியூ சேலம் வாக்குச்சாவடியில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கு விழுந்தன. 1834-இல் வென்றார். அதன்பின் 1836, 1838, 1840 என்று தொடர்ந்து வென்றார். அப்போதைய தலைநகரான வாண்டேலியாவுக்குப் புறப்படும் முன், கோல்மன் ஸ்மூட் என்பவரிடம் 200 டாலர் கடன் வாங்கி, அதில் 60 டாலரில் ஓர் உடுப்பு தைத்துக்கொண்டார் என்பது பதிவாகியுள்ள செய்தி.

சாங்கமன் கவுண்டியிலிருந்து 1836-இல் தேர்வான 9 பேரும் நல்ல உயரமானவர்கள் என்பதால் 'நெடிய ஒன்பதின்மர்' என்று பெயர் பெற்றார்கள். இந்த அணியின் பெரும் வெற்றி, 1837 பிப்ரவரி 28 அன்று தலைநகரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்றும் வாக்கெடுப்பில் வென்றது. இதற்கு முந்திய நாள்தான் மாநிலம் முழுவதும் இருப்புப்பாதைகள் அமைக்கவும் ஆற்றுவழிகளை மேம்படுத்தவும் 1 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. தலைநகர் வாக்குகளைத் திரட்டுவதற்காகவே சாங்கமன் அணி பிற கவுண்டிகளின் பாதைத் திட்டங்களுக்கு ஆதரவளித்தது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. பேரம் எவ்வளவு வெளிப்படையாக நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் லிங்கன் அத்திட்டத்தை முழுமனத்துடன் ஆதரித்தார் என்பதில் ஐயமில்லை. அந்த ஆண்டே நாடு தழுவிய நிதி நெருக்கடி வெடித்தது. 1840-களின் தொடக்கத்தில் மாநிலம் வட்டிகூடக் கட்ட முடியாத நிலைக்கு வந்தது. திட்டமிட்டவற்றில் கட்டி முடிக்கப்பட்ட ஒரே இருப்புப்பாதை, மெரடோசியாவிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரையிலான சிறு பகுதி. அதுவும் 1847-இல் ஏலத்தில் வெறும் 21,100 டாலருக்குப் போயிற்று. நெருக்கடி முற்றிய பிறகும் பணிகளைக் கைவிட வேண்டாம் என்றே லிங்கன் வாதாடினார். இதை அவருடைய பிழை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்த 8 ஆண்டுகளில் நான் மிக முக்கியமாகக் கருதுவது ஒரு சிறு ஆவணத்தை. 1837 ஜனவரியில் அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டிக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவை 77-க்கு 6 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றியது. எதிர்த்த 6 பேரில் லிங்கன் ஒருவர். மார்ச் 3 அன்று டான் ஸ்டோன் என்ற உறுப்பினருடன் சேர்ந்து ஓர் எதிர்ப்புரையை அவைக் குறிப்பேட்டில் ஏற்றினார். அடிமை முறை அநீதியையும் தவறான கொள்கையையும் அடிப்படையாகக் கொண்டது என்று அதில் உள்ளது. ஒழிப்பியக்கத்தாரின் பரப்புரை அத்தீமையைக் கூட்டவே செய்யும் என்ற வரியும் அதை அடுத்தே உள்ளது. 28 வயது அரசியலாளரின் துணிவையும் அவர் வகுத்துக்கொண்ட எல்லையையும் அந்த இரண்டு வரிகளில் ஒருசேரக் காணலாம்.

சுற்றுவழி:

மேலே உள்ள மறுமொழி மிகச் சிறப்பு. வழக்கறிஞர் தொழிலின் அன்றாடத்தைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் லிங்கனை உருவாக்கியது சட்டமன்றத்தைவிட அந்தச் சுற்று நீதிமன்றம்தான் என்பது என் உறுதியான கருத்து.

இல்லினாயின் எட்டாவது நீதிச் சுற்று அதன் விரிந்த நாள்களில் 14 கவுண்டிகளை உள்ளடக்கியிருந்தது. வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறை நீதிபதியும் வழக்கறிஞர்களும் ஊர் ஊராகப் புறப்படுவார்கள். பாலமில்லா ஆறுகள், மழையில் சேறாகும் புல்வெளித் தடங்கள், இரவில் ஒரே படுக்கையில் இருவர் உறங்கும் விடுதிகள் என்று ஒவ்வொரு சுற்றும் பல வாரங்கள் நீளும். 1848 முதல் நீதிபதியாக இருந்தவர் ஏறத்தாழ 300 பவுண்டு எடையுள்ள டேவிட் டேவிஸ். அவருக்கு மட்டும் பெரும்பாலும் தனிப் படுக்கை. பகலில் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்று வாதாடியவர்கள் இரவில் ஒரே மேசையில் உண்டு, ஒரே அடுப்பருகில் கதை பேசினார்கள். மற்ற வழக்கறிஞர்கள் வார இறுதியில் வீட்டுக்குப் போய் வந்தாலும் லிங்கன் பெரும்பாலும் சுற்று முழுவதும் தங்கிவிடுவார். 1860-இல் சிகாகோ கட்சி மாநாட்டில் அவருக்குக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் நியமனம் பெற்றுத் தர முன்னின்று உழைத்தவர் இதே டேவிஸ் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த உறவு விடுதிக் கூடங்களில் வளர்ந்தது.

அவர் நடத்திய வழக்குகளில் கிடைத்துள்ள பதிவுகள் மட்டும் 5,000-க்கு மேற்பட்டவை. அவற்றில் பாதிக்கும் மேலானவை கடன் தொடர்பானவை: திருப்பித் தராத புரோநோட்டு, விலை தீர்க்காத பொருள், நிலத்தின் பேரில் வாங்கிய கடன். கொலை வழக்குகள் மிகக் குறைவு. கட்டணமும் பெரும்பாலும் 5 முதல் 20 டாலர்தான். ஸ்டூவர்ட்டும் லிங்கனும் கூட்டாக நடத்திய அலுவலகத்தின் கணக்கேட்டில், ஒரு கட்சிக்காரர் கட்டணத்துக்கு ஈடாக ஸ்டூவர்ட்டுக்கு 15 டாலர் மதிப்புள்ள கோட்டு கொடுத்ததாக ஒரு பற்று வைக்கப்பட்டுள்ளது.

1841-இல் அவர் கூட்டுச் சேர்ந்த ஸ்டீபன் லோகன் ஒழுங்குக்குப் பெயர்போனவர். ஆவணங்களைச் செம்மையாகத் தயாரிக்கும் பயிற்சி அவரிடமிருந்தே லிங்கனுக்குக் கிடைத்தது. 1844-இல் வில்லியம் ஹெர்ன்டனைச் சேர்த்துக்கொண்டு தனி அலுவலகம் தொடங்கிய பின் காகிதங்கள் பழையபடி சிதறின. உயரமான தொப்பிதான் அவருடைய பெட்டகம். 1850-இல் ரிச்சர்ட் தாமஸ் என்ற வழக்கறிஞருக்கு மறுமொழி தாமதமானதற்குக் காரணம் எழுதும்போது, வந்த கடிதத்தைப் பழைய தொப்பியில் வைத்ததாகவும், மறுநாளே புதுத் தொப்பி வாங்கியதால் பழையது ஒதுக்கப்பட்டுக் கடிதமும் கண்ணில் படாமல் போனதாகவும் சொல்கிறார். இது பிறர் கட்டிய கதை அன்று. அவர் கைப்பட எழுதிய கடிதத்தில் இருக்கிறது.

கட்டண விஷயத்தில் இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1856 பிப்ரவரியில் குவின்சி நகரத்து ஜார்ஜ் ஃபிலாய்டு ஓர் ஆவணம் எழுதித் தந்ததற்கு 25 டாலர் அனுப்பினார். இந்த வேலைக்கு 15 போதும் என்று எழுதி, 10 டாலர் நோட்டு ஒன்றைக் கடிதத்துடன் லிங்கன் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டே, கவுண்டி வரியிலிருந்து இல்லினாய் சென்ட்ரல் இருப்புப்பாதை நிறுவனத்துக்கு விலக்குப் பெற்றுத் தந்த வழக்கின் கட்டணத்துக்காக அந்த நிறுவனத்தின் மேலேயே வழக்குத் தொடுத்து 5,000 டாலருக்குத் தீர்ப்பு வாங்கினார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவையே. வேலைக்கு உரிய மதிப்பைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்டார் என்பதுதான் என் வாசிப்பு.

பழஞ்சுவடி:

இருவருக்கும் என் நன்றி. எனினும் என் மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. 1850-ஐ ஒட்டி எழுதியதாகக் கருதப்படும் சட்டச் சொற்பொழிவுக் குறிப்புகளில், உங்கள் மனச்சான்றின்படி நேர்மையான வழக்கறிஞராக இருக்க முடியாவிட்டால் வழக்கறிஞராக இல்லாமல் நேர்மையாக இருங்கள் என்று இளைஞர்களுக்கு அவர் அறிவுரை சொல்கிறார். அதை எழுதியவர் 1847-இல் அந்த வழக்கை ஏற்றதை என்னால் பொருத்திப் பார்க்க இயலவில்லை. 1841-இல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்காக அவர் வாதாடி வென்றார் என்றும் படித்திருக்கிறேன். 6 ஆண்டுகளில் மனம் மாறிவிட்டதா?

சாட்சிக்கூண்டு:

ஐயா, நீங்கள் படித்தது உண்மை. ஆனால் 1841 வழக்கைப் பற்றிய உங்கள் வரியில் ஒரு திருத்தம் தேவை. அது புரிந்தால் மற்றதும் ஓரளவு விளங்கும்.

1841-இல் லிங்கனின் கட்சிக்காரர் நான்ஸ் அல்லர். நான்ஸை விலைக்கு வாங்கிய டேவிட் பெய்லிதான் அவருடைய கட்சிக்காரர். நேத்தன் கிராம்வெல் என்பவரிடமிருந்து அப்பெண்ணின் உழைப்பை வாங்கியதற்குப் பெய்லி புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அவள் சட்டப்படி அடிமைதான் என்பதற்கான சான்று வந்தால் பணம் தருவது என்பது ஏற்பாடு. சான்று வரவில்லை, பணமும் தரப்படவில்லை. கிராம்வெல் இறந்தபின் அவருடைய சொத்துப் பொறுப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நான்ஸ் சுதந்திரமானவள் என்றால் விற்பனையே செல்லாது, விற்பனை செல்லாதென்றால் கடனும் இல்லை என்பது லிங்கனின் வாதம். நிறத்தைப் பொருட்படுத்தாமல் ஒவ்வொருவரும் சுதந்திரமானவரே என்றுதான் இல்லினாயில் சட்டம் கருதும், சுதந்திரமான ஒருவரை விற்பது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு மகத்தானது. நான்ஸும் சும்மா காத்திருந்தவர் அல்லர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன் விடுதலைக்காக நீதிமன்ற வாயில்களை ஏறியவர். ஆயினும் லிங்கன் அங்கு நின்றது ஒரு கடன்காரருக்காக.

1847-இல் நடந்தது இது. கென்டக்கியைச் சேர்ந்த ராபர்ட் மாட்சனுக்கு இல்லினாயின் கோல்ஸ் கவுண்டியில் பண்ணை இருந்தது. ஆண்டுதோறும் கென்டக்கியிலிருந்து அடிமைகளை அழைத்து வந்து, அறுவடை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார். அடிமை முறைக்குத் தடையுள்ள இல்லினாயில் தொடர்ந்து தங்கினால் அவர்கள் விடுதலை பெற்றுவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. பண்ணை மேற்பார்வையாளரான ஆந்தணி பிரையன்ட் என்ற கறுப்பினத்தவர் மட்டும் விடுதலை பெற்றவராக அங்கேயே இருந்தார். அவருடைய மனைவி ஜேனும் பிள்ளைகளும் மாட்சனின் உடைமையாகக் கருதப்பட்டார்கள். தங்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்ற அச்சத்தில் ஜேன் 4 பிள்ளைகளுடன் கணவரோடு வெளியேறி, கிடியன் ஆஷ்மோர், மருத்துவர் ஹைரம் ருதர்ஃபோர்டு ஆகியோரிடம் அடைக்கலம் புகுந்தார். மாட்சன் நீதிமன்றம் சென்றார். தாயும் பிள்ளைகளும் சார்ல்ஸ்டன் ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அஷர் லிண்டருடன் சேர்ந்து மாட்சனுக்காக லிங்கன் வாதாடினார். ஜேன் அங்குத் தற்காலிகமாகத்தான் கொண்டுவரப்பட்டார், நிலையாகக் குடியேறவில்லை, ஆகவே இல்லினாய்ச் சட்டம் அவரை விடுவிக்காது என்பதே வாதத்தின் சாரம். எதிர்த்தரப்பில் ஆர்லாண்டோ ஃபிக்லினும் சார்ல்ஸ் கான்ஸ்டபிளும் நின்றார்கள். நிலையாகத் தங்க வைக்கும் நோக்கம் இருந்திருந்தால் அவர்கள் சுதந்திரமானவர்களே என்று லிங்கன் ஒப்புக்கொண்டு, முழு வழக்கையும் 'தற்காலிகம்' என்ற ஒற்றைச் சொல்லின் மேல் நிறுத்தினார். அந்தச் சொல் தாங்கவில்லை. 1847 அக்டோபரில் நீதிபதிகள் வில்சனும் டிரீட்டும் ஜேனையும் பிள்ளைகளையும் விடுவித்தார்கள். குடும்பம் பின்னர் லைபீரியாவுக்குச் சென்றது.

லிங்கன் இதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த வழக்கையும் மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. ருதர்ஃபோர்டு பிற்காலத்தில் நினைவுகூர்ந்தபடி, அவர் லிங்கனை நாடியபோது மாட்சனின் தரப்பு ஏற்கெனவே பேசிவிட்டது என்று லிங்கன் தயக்கத்துடன் சொன்னாராம். பிறகு அதிலிருந்து விலகிவர இயலும் என்று ஆள் அனுப்பியபோது, ருதர்ஃபோர்டு மனம் கசந்து வேறு வழக்கறிஞரை அமர்த்திவிட்டார். தயங்கினார் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் தயங்கியபின் நீதிமன்றத்துக்குச் சென்று வாதாடினார் என்பதும் மாறாது. முதலில் அழைத்தவரின் வழக்கறிஞராக இருப்பது என்ற சுற்று நீதிமன்ற வழக்கத்தை, சிறையில் 4 பிள்ளைகளுடன் இருந்த தாயைவிட மேலாக அவர் மதித்தார். அது தவறு. பின்னாளில் அவர் செய்தவற்றால் இத்தவறு அழிவதில்லை. இத்தவறால் பின்னாளில் செய்தவையும் சிறுமைப்படுவதில்லை. ஆகவே 6 ஆண்டுகளில் மனம் மாறிவிட்டதா என்பதைவிட, இரு முறையும் அவர் தொழில்முறையில் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார் என்பதே பொருத்தமான விடை.

சுற்றுவழி:

மேற்கண்ட மறுமொழியில் உள்ள நிதானத்தை நான் மதிக்கிறேன். வழக்குகளின் பேச்சு வந்ததால் பரவலாக உலவும் ஒரு பிழையையும் திருத்திவிடுகிறேன். 1858 மே மாதம் பியர்ட்ஸ்டவுனில் நடந்த டஃப் ஆம்ஸ்ட்ராங் கொலை வழக்கில், நிகழ்வு நடந்த இரவில் நிலவே இல்லை என்று பஞ்சாங்கத்தைக் காட்டி லிங்கன் வென்றார் என்று பலர் எழுதுகிறார்கள். நிலவு இருந்தது. இரவு 11 மணியளவில் உச்சியில் நின்ற நிலவின் ஒளியில், ஏறத்தாழ 150 அடி தொலைவிலிருந்து தாக்குதலைப் பார்த்ததாகச் சாட்சி சார்ல்ஸ் ஆலன் சொன்னார். லிங்கன் அவசரப்படாமல் அந்த விவரங்களை மீண்டும் மீண்டும் சொல்ல வைத்தபிறகே, அந்த நேரத்தில் நிலவு அடிவானத்தில் மறையும் நிலையில் இருந்ததைப் பஞ்சாங்கத்தில் காட்டினார். டஃபின் தாய் ஹன்னா, நியூ சேலம் நாள்களில் லிங்கனுக்குச் சோறிட்டவர். அவரிடம் கட்டணம் வாங்கவில்லை.

பழஞ்சுவடி:

என் ஐயங்கள் பெருமளவு தீர்ந்தன. சாட்சிக்கூண்டு அவர்களின் திருத்தத்தை நன்றியுடன் ஏற்கிறேன். நான்ஸின் வழக்கை நான் தவறாகவே புரிந்துகொண்டிருந்தேன். கடைசியாக ஒன்று மட்டும்: 1842-க்குப் பிறகு அவர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் திரும்பவே இல்லையா?

ஏட்டுக்கணக்கர்:

திரும்பினார், ஆனால் இருக்கையில் அமரவில்லை. 1847 முதல் 1849 வரை வாஷிங்டனில் ஒரு தவணை காங்கிரஸ் உறுப்பினராக இருந்துவிட்டு மீண்டும் தொழிலில் மூழ்கியிருந்தவரை, 1854-ஆம் ஆண்டின் கான்சஸ்–நெப்ராஸ்கா சட்டம் அரசியலுக்கு இழுத்து வந்தது. புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமை முறை பரவ அது வழி திறந்துவிட்டது என்பது அவர் சினம். அந்த ஆண்டு நவம்பரில் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ஆனால் அக்காலத்தில் செனட் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டு அதற்குப் போட்டியிட முடியாது என்பதால் அந்த மாதமே இடத்தைத் துறந்தார்.

1855 பிப்ரவரி 8 அன்று வாக்கெடுப்பு நடந்தது. முதல் சுற்றில் லிங்கனுக்கு 44, எதிரணியின் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்கு 41, நெப்ராஸ்கா சட்டத்தை எதிர்த்த டெமாக்ரடிக் கட்சிக்காரர் லைமன் டிரம்புலுக்கு வெறும் 5. சுற்றுகள் செல்லச் செல்ல லிங்கனின் வாக்குகள் 15-ஆகக் கரைந்தன. எதிரணி இப்போது ஆளுநர் ஜோயல் மாட்டிசனை முன்னிறுத்தியிருந்தது. அவர் 47 வரை எட்டிவிட்டார். மாட்டிசன் வெல்வதைத் தடுக்க, தன்னிடம் எஞ்சியவர்களை டிரம்புலுக்கு வாக்களிக்கச் சொன்னார் லிங்கன். பத்தாவது சுற்றில் டிரம்புல் 51 வாக்குகளுடன் வென்றார். அந்த மாதம் 21 அன்று வில்லியம் ஹெண்டர்சன் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், 44 பேர் 5 பேரிடம் சரணடைய நேர்ந்தது சற்றுக் கடினமாகவே இருந்தது என்று எழுதினார்.

அவர் துறந்த சட்டமன்ற இடத்துக்கு டிசம்பரிலேயே இடைத்தேர்தல் நடந்தது. அதில் வென்றவர் டெமாக்ரடிக் கட்சியைச் சேர்ந்தவர்.